ஹெலி மாமி லைசன்ஸ் எடுத்த கதை

வாகனம் ஓட்டத் தெரிவது ஒன்று, லைசன்ஸ் எடுப்பது இன்னொன்று. முதலாவது எனக்கு இருபது வயதிலேயே வந்துவிட்டது. இரண்டாவதற்காக நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இயக்கத்தில் இருந்தவள். அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. துவக்குப் பிடித்ததை விட ஸ்டியரிங் பிடித்ததுதான் அதிகம். காயப்பட்டவர்களையும் அரிசி மூட்டைகளையும் பிக்கப்பில் ஏற்றி, காட்டுப் பாதையில், லைட் போடாமல், ஹோர்ன் அடிக்காமல் ஓட்டியிருக்கிறேன். வண்டியை ஒரு தடவையும் மரத்தில் மோதியதில்லை. (ஒரு மாட்டை இடித்தது உண்மை. அது தானாக வந்து இடித்தது.)

சண்டை முடிந்து, தடுப்பு முகாமிலிருந்தும் விட்டு, பாண்டிருப்பில் வீட்டோடு கிடந்தேன். என் பழைய கதை தெரிந்த யாரும் வேலை தருவதாக இல்லை. அப்போதுதான் மருதமுனையில் இருக்கும் என் சிநேகிதி ரஹீமா வந்தாள். புருஷன் கட்டாருக்குப் போய்விட்டதால் அவளுடைய வேன் முற்றத்தில் சும்மா நின்றது.

"அக்கா, பள்ளிக்கூடப் புள்ளைகள ஏத்தி இறக்க ஆள் தேடுறன். நீங்க லைசன்ஸ் எடுத்தா வேன் உங்கட கையில. இல்லாட்டி எங்கட காக்கா வித்துப்போடுவாரு." (காக்கா என்றது அவளுடைய அண்ணனை. விற்பதென்றால் அவருக்குக் கை அரிக்கும்.) "லேனர்ஸ் ஸ்கூலுக்கு ஒருக்காப் போய்ப் பழகுங்களன்."

"என்னத்துக்கு? எனக்கு ஆர் பழக்குற?" என்றேன். என் வாய்க்கு அன்றைக்கே பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

ட்ரையல் நாள். பரீட்சிக்க வந்த சேர் நல்ல கனத்த ஆள். வெள்ளைச் சட்டை மடிப்புக் குலையாமல் இருந்தது, அத்தர் மணம் வேனை நிறைத்தது. முன் ஆசனத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டார். வண்டியின் சொந்தக்காரி என்று ரஹீமா பின்னால் ஏறிக்கொண்டாள்.

"முந்தி ஓட்டியிருக்கீங்களா, தங்கச்சி?"

"ஓம் சேர். வயலுக்க, டிரக்டர்." (பொய் இல்லை. டிரக்டரும் ஓட்டியிருக்கிறேன். வயல்தான் இல்லை.)

"சரி, லைட்டப் போட்டுக் காட்டுங்க."

ஒன்றைத் தட்டினேன். வைப்பர் ஆடியது. இன்னொன்றை இழுத்தேன். கண்ணாடியில் தண்ணீர் அடித்தது. மூன்றாவதாக ரேடியோ பாடத் தொடங்கியது.

"அக்கா, வலக்கைப் பக்கம்..." என்றாள் ரஹீமா.

"பின்னுக்கு இருக்கிறவங்க கதைக்கப்படாது!" சேர் என்னைப் பார்த்தார். "லைட் போடத் தெரியாம எப்பிடி இவ்வளவு காலம் ஓட்டின நீங்க?"

"பகலில சேர்" என்றேன். ஓட்டியதெல்லாம் இரவில், லைட்டைத் தொட்டாலே உயிர் போயிருக்கும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

கடற்கரை வீதியில் ஏறிய பிறகு எல்லாம் சீராகப் போனது. பள்ளம் தெரியாமல், குலுக்காமல் ஓட்டினேன். "கை நல்ல கைதான்" என்று அவரே முணுமுணுத்தார். எந்தப் பிள்ளையை எந்தச் சந்தியில் ஏற்றுவது என்று நான் மனதுக்குள் யோசிக்கவும் தொடங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா கடல் பக்கமிருந்து அந்தச் சத்தம் வரவேண்டும்?

தட தட தட தட.

யாரோ ஒரு மந்திரி விழாவுக்கு ஹெலிகொப்டரில் வந்தாராம். அது பிறகுதான் தெரியும். அந்த நேரம் என் கைகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் கிறுகியது. ஒரு கிடுகு வேலி விழுந்தது. யாருடையதோ வளவுக்குள் மாமரத்துக்குக் கீழே வண்டி நின்றது, எஞ்சின் நின்றது.

"ஹெலி! குதி!" என்று கத்தினேன். ஒரு அரசாங்க உத்தியோகத்தரை 'குதி' என்று சொன்னவள் நான். பாய்ந்து ஓடி வேரோடு ஒட்டிக் குப்புறப் படுத்தேன்.

கொஞ்சம் பொறுத்துத் தலையைத் தூக்கினேன். ரஹீமா வேனுக்குள் இருந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் ஆசனம் காலி. சேர் எனக்கு முன்னால், வாழை மரத்துக்குப் போகும் கழிவுத் தண்ணீர்க் கானுக்குள் படுத்திருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார். குண்டு விழும்போது காது வெடிக்காமல் இருக்க அதுதான் முறை. இந்தக் கரையில் வளர்ந்தவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வீட்டுக்காரி விளக்குமாறோடு வந்தாள். "ஆருகா அது என்ட வேலிய உடைச்ச? ஏன் படுத்துக் கிடக்கிற, ரெண்டு பேருக்கும் வலிப்பா?"

சேர் எழும்பினார். சட்டையில் வெள்ளை என்று சொல்ல ஒரு இடம் மிஞ்சவில்லை. என்னை நீளமாகப் பார்த்தார்.

"டிரக்டர் ஓட்டின எண்டீங்க?"

"ஓம் சேர்."

"ம்." அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. "பெயில்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சேர், நீங்க எனக்கு முந்திக் குதிச்ச நீங்க!"

"குதிச்சன்தான். ஆனா நான் வாகனம் ஓட்டல்லையே!"

வேனுக்குள் ரஹீமா சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது.

வேலியை நானே கட்டிக் கொடுத்தேன். அடுத்த கிழமை காக்கா வேனை வாங்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரஹீமா வாசலில் நின்று மறித்தாள். "சத்தம் கேட்ட உடன வேனக் கொண்டுபோய் ஒளிச்சிக் காப்பாத்தின ட்ரைவர் இந்த ஊரில வேற ஆரு காக்கா இருக்கா? அக்கா இன்னொருக்காப் போகட்டும்."

இரண்டாம் முறையும் அதே சேர். லைட் சுவிட்சை நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டினேன். அவருடைய கண்தான் வீதியில் இல்லை, வானத்தில் இருந்தது. ஒரு பெரிய வண்டு கண்ணாடியில் மோதியபோது கதவுப் பிடியில் கை வைத்தவர் அவர். நான் அசையவில்லை. பாஸ்.

ரஹீமா ஊரெல்லாம் சொன்னதால் வேனில் ஏறிய பிள்ளைகளுக்கு நான் 'ஹெலி மாமி'. அந்தப் பிள்ளைகளுக்கே இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். என் சொந்தப் பெயர் என் வீட்டாருக்கும் மறந்துவிட்டது.

போன மாதம் ரஹீமாவின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வந்து இறங்கும் நேரம், படம் பிடிக்கிற ட்ரோன் ஒன்றைக் கூரைக்கு மேலே பறக்க விட்டார்கள். கிர்ர்ர் என்று அது கிளம்பியதும் முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். "ஹெலி மாமி, மரம் அங்கால இருக்கு!" என்று ஒரு சத்தம். நான் சர்பத் கிளாசைப் பிடித்தபடி கழுத்தை நிமிர்த்தி நின்றேன். (பிறகு கிளாசோடு மெதுவாக அந்த மரத்தடிப் பக்கம் நடந்தது என் சொந்த விஷயம்.)

அந்த மரத்தடியில் ஏற்கனவே ஒருவர் ஒதுங்கி நின்றார். என் சேர்தான். பென்ஷன் எடுத்துவிட்டார், மாப்பிள்ளை பகுதிக்குத் தூரத்துச் சொந்தமாம்.

"என்ன சேர், இஞ்ச நிக்கிறீங்க?"

"வெயில், தங்கச்சி."

வானம் மழைக்குக் கறுத்து மூடியிருந்தது. நான் மேலே ஒரு தடவை பார்த்தேன். அந்தச் சாமான் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சேர்" என்றேன். "எனக்கும் வெயில்தான்."