டிவி உப்பா பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வது குறித்து

வைத்திரி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

படைத்தவனின் காவலில் என்றும் நலமாக இருக்க வேண்டிய அன்பு மருமகள் ஜசீலாவுக்கு, தாய்மாமன் பீரான்குட்டி (கால்நடை ஆய்வாளர், ஓய்வு) எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் பசுவும் கன்றும் சுகம். மழை விட்டபாடில்லை. உன் உம்மாவின் மூட்டுவலிக்கு நான் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தேய்த்தாளா? மாட்டுக்குத் தேய்க்கிறதுதான், ஆனால் மூட்டு என்றால் எல்லாம் மூட்டுதான் என்று அவளிடம் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அங்கன்வாடியில் புதன்கிழமைதோறும் நீ நடத்தும் வீடியோ கால் பாடத்திலிருந்து என்னைத் தயவுசெய்து விடுவித்துவிடு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. அது அங்கே போன கதையும் கீழே வருகிறது.

பஞ்சாயத்து மெம்பர் உனக்குப் பெரிய டிவி வாங்கிக் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "கார்ட்டூன் போட்டா பிள்ளைங்க வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கும் மாமா, ஒண்ணும் உள்ள போகாது, ஆனா ஒரு ஆளு அந்தப் பக்கத்துல இருந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கேட்டதுக்குப் பதில் சொன்னா அப்படியே மனசுல நிக்கும், இது வீட்டு விலங்கு மாசம், நீங்க பசுவைக் காட்டுங்க போதும்" என்று நீ சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, போனைத் தொழுவத்துத் தூணில் கட்டி, பசுவின் நாலு இரைப்பைகளைப் பற்றி ஒரு சிறு உரையும் தயார் செய்துகொண்டு நின்றேன். படம் வந்தது. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததும் மொத்தமாக "உப்பா!" என்று கத்தினார்கள். ஒரு பையன் எழுந்து ஓடி வந்து டிவிக்கு முத்தம் கொடுத்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் மூக்குத்துவாரம்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, நான் யாருக்கும் தகப்பன் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். பிறகுதான் நீ விளக்கினாய், உன் பிள்ளைகளில் பாதிக்கு மேல் உப்பா வளைகுடாவில், அவர்கள் கணக்கில் போனுக்குள் தெரிகிற மீசை வைத்த ஆள் எல்லாம் உப்பாதான் என்று. அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா? நான் நாலு இரைப்பையை ஆரம்பிக்கிறேன், ஐஸின் என்கிற பையன் சட்டையைத் தூக்கி வயிற்றில் வந்த கட்டியைக் காட்டுகிறான், இன்னொருத்தி புதுச் செருப்பைக் கேமராவுக்கு நேரே பிடித்துக்கொண்டு எடுக்கவே மாட்டேன் என்கிறாள். நானும் பழக்கதோஷத்தில் அந்தப் பையனிடம் "தீனி ஒழுங்கா எடுக்கிறியா? சாணி இளகிப் போகுதா?" என்று கேட்டுவிட்டேன். அவன் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னான். அதற்குள் மின்ஹா, அந்த ரெட்டைப் பின்னல் பிள்ளை, "உப்பா, உம்மா தலையைப் பிடிச்சு இழுத்து இழுத்து சீவுது, நீங்க திட்டுங்க" என்றாள். பிள்ளை கேட்கிறதே என்று நானும் தூணைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே திட்டிவிட்டேன். அந்த உம்மா அங்கன்வாடி வாசலில் நின்றுகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் சவூதியில் தம்மாமிலிருந்து ஒரு போன், மின்ஹாவின் உப்பா. "நீங்க யாரு? என் வீட்டுல பொண்டாட்டியைத் திட்டுற அளவுக்கு உங்களுக்கு என்ன உரிமை? என் மகள் என்கிட்ட சொல்றா, பெரிய டிவில வர்ற உப்பாதான் நல்ல உப்பா, நீங்க சின்ன உப்பாவாம்!" அந்த மனிதனுக்கு நான் பசுவைப் பற்றியும், அங்கன்வாடியைப் பற்றியும், உன்னைப் பற்றியும், என் ஓய்வைப் பற்றியும் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பசுவுக்குக் கறவை நேரம் தப்பிவிட்டது. கடைசியில் ஆள் தணிந்து, வீட்டில் ஒரு ஆடு சினை பிடிக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். சொன்னேன். இப்போது வாரா வாரம் கூப்பிடுகிறார். ஆடு சினை பிடித்துவிட்டதாம்.

அடுத்த புதன்கிழமை கன்றைக் காட்டச் சொன்னாய். காட்டினேன். யாராவது கன்றைப் பார்த்தார்களா? "உப்பா, வரும்போது என்ன கொண்டு வருவீங்க?" ரிமோட் கார், சாக்லேட், கண் மூடித் திறக்கும் பொம்மை என்று ஆளுக்கொன்று கேட்டார்கள், நானும் தலையாட்டிக்கொண்டே போனேன். ஒரு பிள்ளை டின் பால்பொடி வேண்டும் என்றது. பின்னாலேயே ஒரு பசு நிற்கிறது, மடி கனத்து நிற்கிறது, அந்தப் பிள்ளை என்னிடம் பால்பொடி கேட்கிறது! எனக்குக் கோபம் வந்ததை மறைக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சின்னப் பிள்ளை, இஷல், முன்வரிசையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தவள், அதுவரை ஒன்றுமே கேட்காதவள், "எப்ப வருவீங்க?" என்றாள். பிள்ளையிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "அடுத்த பெருநாளைக்கு வந்துடுறேன் கண்ணு, இன்ஷா அல்லாஹ்" என்றேன். அதில் என்ன தப்பு? இஷல் உன் பக்கம் திரும்பி, மழை வரும் போலிருக்கு என்று சொல்வதைப் போல, "இவரும் வரமாட்டார் டீச்சர்" என்றாள். பிறகு எல்லோரும் எழுந்து கஞ்சி குடிக்கப் போய்விட்டார்கள். நானும் கன்றும் காலி பாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று சாயங்காலம் நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "மாமா, வர்ற ஆளு கிழமை சொல்லுவாங்க. வியாழக்கிழமை வர்றேன், கரிப்பூர் ஏர்போர்ட்டுக்கு வேன் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. வராத ஆளுதான் பெருநாள்னு சொல்லுவாங்க. அது இங்க உள்ள பொடிசுங்களுக்கெல்லாம் தெரியும்." அந்த இஷலின் உப்பா அவள் உம்மா வயிற்றில் இருக்கும்போது போனவர், விசா சிக்கலில் மாட்டிக்கொண்டு இதுவரை திரும்பவில்லை, அவள் அவரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை, ஒவ்வொரு பெருநாளும் அடுத்த பெருநாள்தான் என்றும் சொன்னாய். ஜசீலா, நான் இத்தனை காலம் இந்த மலை முழுக்க வேலை பார்த்தவன். கன்று போட முடியாமல் மாடு தவிக்கிறது என்றால் அட்டை கடிக்க ஆற்றைத் தாண்டிப் போனவன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு தொழுவத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. என்னைப் போய் ஒரு அரைப்படி உயரப் பிள்ளை, வராத ஆட்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

இந்தப் புதன்கிழமை நடந்தது உனக்கே தெரியும். உன் பக்கம் தெரிந்தது நாக்கு மட்டும்தான், என் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டத்தில் இஷல் எங்கே என்று தேடினேன். அவள் திரும்பி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணும் சரியாகத் தெரியாதா, போனைத் தூணிலிருந்து அவிழ்த்து மூஞ்சிக்குப் பக்கத்தில் பிடித்து, "இஷல், இஷல், இங்க பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தேன், அங்கே பசு. அது ஒரே நக்கு. என் கையிலிருந்து போன் வழுக்கித் தவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. கடைசியாக எனக்குக் கேட்டது "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று உன் பிள்ளைகள் கை தட்டியதுதான். போனை அரிசியில் போட்டால் ஈரம் இழுக்கும் என்றார் கடைக்காரர். அரிசிதான் தவிட்டு வாசனை அடிக்கிறது.

ஆகவே இதை என் ராஜினாமாவாக எடுத்துக்கொள். ஆட்டு வாரத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள், தம்மாம்காரரையே கேள், அவருக்கு இப்போது ஆடு பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். நேரில் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று நீ சொன்னதும் நடக்கிற காரியமில்லை. சுரத்தில், அந்த மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்கு வாந்தி வரும். பசுவை யார் கறப்பது? அது வேற்றுக் கைக்கு நிற்காது. போதாததற்கு உன் கல்யாண பிரியாணியில் நெய் குறைவு என்று நான் சொன்னதை உன் உப்பா இன்னும் மறக்கவில்லை, நானும் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கவில்லை, குறைவுதான். வயதான காலத்தில் ஒரு பிள்ளை என்ன நினைக்கிறது என்பதற்காக மலை இறங்குகிறவன் நான் இல்லை. இத்துடன் இந்த விஷயம் முடிந்தது.

உன் உம்மாவுக்கு என் ஸலாம். உன் உப்பாவுக்கும், அவர் கேட்டால் மட்டும், ஸலாம். அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் நோய்நொடியில்லாத ஆயுளையும், நல்ல பல்லையும், கஞ்சிக்குக் குறையாத பயறையும் அல்லாஹ் கொடுக்கட்டும்.

உன் நலம் நாடும் மாமா,
பீரான்குட்டி

பின்குறிப்பு: பக்கத்து வீட்டு லீலாமணியிடம் பசு நிற்கிறது. என் சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் கறக்க விட்டது. ஆகையால் புதன்கிழமை வருகிறேன். காலை முதல் பஸ். உங்கள் தானூர் ஸ்டாண்டுக்கு யாரையாவது வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல், ஆட்டோவானாலும் சரி. கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், திங்கட்கிழமைக்குள் உன் கையில் இருக்கும். இஷலிடம் நீ சொல்லும்போது புதன்கிழமை என்று மட்டும் சொல், வேறு எதுவும் சொல்லாதே. ஒன்று கேட்டுக்கொள்கிறேன், யாரும் அவளைப் பிடித்து என் பக்கம் தள்ள வேண்டாம். டிவிக்குள் இருந்த ஒரு ஆள் முழுசாக, காலோடு, வந்து நிற்பதை அந்தப் பிள்ளை பார்த்திருக்காது. நான் வாசலிலேயே நிற்கிறேன். அவளாக வந்து தொட்டுப் பார்த்த பிறகு உள்ளே வருகிறேன்.