சிவப்பாகாத பெயர்

மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் திரையில் 'லீ-ஃபென், தைதுங் கிளை' என்று வந்தது. போ-ஷெங் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தான்.

தேயிலை நிறுவனத்தின் தாய்பே தலைமை அலுவலகத்தில் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. யார் எதைத் தேடுகிறார்கள், எவ்வளவு நேரம் இழுக்கிறார்கள் என்று காட்டும் கண்காணிப்புக் கருவியை நிறுவியதும் அவன்தான். ஒரு நிமிடம் தாண்டினால் பெயர் சிவப்பாகும். உடனே அந்தக் கிளைக்குப் போன் போட்டுத் திட்ட வேண்டும். லீ-ஃபென்னின் தேடல் தினமும் இரண்டு நிமிடம் ஓடியது.

ஆண்டு இறுதி விருந்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தவள். இந்தக் கருவியைப் பற்றி அவன் அளந்ததையெல்லாம் சலிக்காமல் கேட்டவள். நம்பர் கேட்கத்தான் வாய் வரவில்லை. ஆறு மாதமாக அந்த ஏக்கம் அவனை அரித்துக்கொண்டிருக்கிறது. அவளையா திட்டுவது?

அவளுக்கு மட்டும் வரம்பை மூன்று நிமிடமாக்கினான். அப்புறமும் மனசு கேட்கவில்லை. பாவம், இரண்டு நிமிடம் காத்திருக்கிறாளே என்று, தேடல் சட்டென்று முடிய ஓர் இன்டெக்ஸ் போட்டான். மறுநாள் அவள் பெயர் நான்கே நொடியில் வந்து மறைந்தது. ஒரு வாய் தேநீர்கூட உள்ளே இறங்கவில்லை. பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது போல அன்று முழுக்க வெறிச்சென்று இருந்தது.

இன்டெக்ஸை எடுத்துவிட்டான். அதோடு நின்றிருக்கலாம். அவள் பெயரை ஒரு நொடியும் தவறவிடக் கூடாதென்று, ஐந்து நொடிக்கு ஒரு முறை பார்த்த கருவியை நொடிக்குப் பத்து முறை பார்க்க வைத்தான். வேவு பார்க்க வந்த கருவியே டேட்டாபேஸ் ஓடும் இயந்திரத்தைத் தின்னத் தொடங்கியது.

மேலாளர் காவ் ஓடி வந்தார். "என்னய்யா பண்ணி வச்சிருக்க? ஒரு ஆர்டர் ஏத்த அரை மணி நேரமாகுது!"

"பார்த்துட்டிருக்கேன் சார்."

காவின் கண் இயந்திரத்தின் தலையில் இருந்த பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலத்துக்குப் போனது. அது இருந்தால்தான் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது அந்த ஊர் அலுவலகங்களின் நம்பிக்கை. "அட, இது தேதி முடிஞ்சு போச்சேய்யா! அப்புறம் எப்படி ஓடும்? போய்ப் புதுசு வாங்கிட்டு வா!"

போ-ஷெங் வாங்கி வந்து வைத்தான். லீ-ஃபென் நினைப்பில் வாங்கியது மஞ்சள் பொட்டலம். மறு நிமிடம் எல்லாமே அடியோடு நின்றது.

"மஞ்சளா? விளக்கெல்லாம் பச்சையா எரியணும்னுதானேய்யா பச்சை வைக்கிறோம்! குடியைக் கெடுத்தியே!" என்று காவ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவரே ஓடிப் போய்ப் பச்சை வாங்கி வந்தார். இயந்திரம் எழுந்தது, ஆனால் தவழ்ந்தது. பொட்டலத்தின் மேல் சொல்ல இனிக் குற்றமில்லை. காவ் திரையைப் பார்த்தார்.

"யாருய்யா இந்த லீ-ஃபென்? ஊருக்கெல்லாம் ஒரு நிமிஷம், இவளுக்கு மட்டும் மூணா?"

"அது... வந்து... சார்..."

"போடு போனை. என் முன்னாடியே திட்டு. அந்தத் தேடலை நிறுத்தச் சொல்லு."

நிறுத்தினால் அந்தப் பெயரும் போய்விடும். ஆனால் குரலைக் கேட்கலாம். போ-ஷெங் தைதுங் கிளையின் எண்ணை அழுத்தினான்.

"லீ-ஃபென் இருக்காங்களா?"

"நீங்க யாரு?" வயதான ஒரு அம்மாவின் குரல்.

"தலைமை ஆபீசுங்க. அந்த மூணு மணித் தேடலை... கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

"திட்டுறீங்களா தம்பி?"

போ-ஷெங் காவைப் பார்த்தான். "ஆமாங்க. திட்டுறேன்."

"அப்பாடா! அவ விருந்து முடிஞ்ச வாரமே வேலையை விட்டுட்டு உங்க தாய்பேக்கே வந்துட்டா. போறப்போ, யாருக்கும் உதவாத அந்தத் தேடலைத் தன் பேர்லயே தினமும் தானா ஓடுற மாதிரி வச்சுட்டுப் போனா. 'ரெண்டே நாள்ல ஒருத்தர் திட்டிப் போன் பண்ணுவார், அவருக்கு மட்டும் என் நம்பரைக் கொடுங்க'ன்னா. ஆறு மாசமா போன் பக்கத்துலேயே உக்காந்திருக்கேன். ஏன் தம்பி, உங்களுக்குக் கோபமே வராதா?"