ஆஸ்பத்திரிக் குழியின் ஜட்ஜையா

ஜொகூர் பாருவில் ஜட்ஜையா அளவுக்கு மரண தண்டனை கொடுத்தவர் எவரும் கிடையாது. தண்டனை பெற்றவை எல்லாம் பஞ்சும் துணியும் என்பதால் அப்பீலும் கிடையாது.

எங்கள் ஆஸ்பத்திரியின் பின்புறக் குழியில் கட்டுத் துணி, பஞ்சு, நோயாளி படுத்த மெத்தை எல்லாவற்றையும் எரிப்பது அவர் வேலை. அதற்கு முன் கோர்ட்டில், வழக்குக்காரர் பேரை மூன்று தரம் கூவிக் கூப்பிடும் டவாலியாக இருந்தவர். வேலை மாறியதே தவிர, கோர்ட்டு அவரை விடவில்லை.

"சொறி சிரங்கு! சொறி சிரங்கு! சொறி சிரங்கு! ஏதாச்சும் சொல்லிக்கிறியா?"

குப்பைக் கூடை என்னத்தைச் சொல்லும்? "கொளுத்து!" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக் கொளுத்துவார்.

நிரபராதிகளும் மாட்டியதுண்டு. டாக்டர் துரை ஒருநாள் தன் புதுத் தொப்பியைக் கூடைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது.

"கூட்டாளிங்களோட பிடிபட்டுச்சுங்க துரை" என்றார் ஜட்ஜையா, கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. சிக்கனம் என்று ஆஸ்பத்திரித் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி விறகு வாங்குவதை நிறுத்தி, குப்பையைக் கடலில் கொட்டச் சொன்னார். கொட்டினோம். அடுத்த நீரேற்றத்தில் கடல் அத்தனையையும் துரைமார் உலாவும் கரையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. அப்புறம்தான் பெரிய கிராணியின் மூளை வேலை செய்தது. மெத்தைகளைப் பழைய சாமான் வாங்கும் சீன முதலாளி தவுக்கேயிடம் விற்றார். செலவை வரவாக்கினாராம், மேலிடத்தில் பாராட்டு வேறு!

"காசநோய்க் கைதியை விலைக்கு விக்கிறீங்களே, நியாயமா?" என்று குதித்தார் ஜட்ஜையா.

"பைத்தியம் லா இவன்" என்று பெரிய கிராணி சிரித்தார். சின்னக் கிராணியான நானும் சிரித்தேன். அவர் மகளை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள், சிரிக்காமல் முடியுமா?

கல்யாணத்தன்று கூடத்தில் சீர் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். குத்துவிளக்கு, பாத்திரம், பூப்போட்ட உறையில் கொழுகொழுவென்று இரண்டு தலையணை. தாலி கட்டி முடித்த நேரம். கரியும் சாம்பலுமாக ஜட்ஜையா உள்ளே நுழைந்து, தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"டேய், சீர் சாமான்டா! வைடா கீழே!" என்று மாமனார் துரத்தினார்.

"தவுக்கே கடைக்குப் பின்னால பார்த்தேங்க! நம்ம காசநோய் வார்டு மெத்தையைக் கிழிச்சு, பஞ்சை இதுக்குள்ள திணிச்சாங்க. யாருக்குன்னு கேட்டேன். பெரிய கிராணி வீட்டுக் கல்யாணத்துக்காம்!"

நாதஸ்வரம் நின்றது. வந்திருந்தவர்கள் முகத்தில் அவரவர் வீட்டுத் தலையணை தெரிந்தது. மலிவு என்று பாதி ஊர் தவுக்கே கடையில்தான் வாங்கியிருந்தது. ஜட்ஜையா சீர்த் தலையணைகளை நடுத்தெருவிலேயே கொளுத்தினார். அன்றைக்கு விசாரணையும் இல்லை, உத்தரவும் இல்லை.

மறுநாளே அவருக்கு வேலை போயிற்று. மெத்தை விற்றவருக்குப் போகவில்லை. என்னத்தைச் சொல்ல, அவர் என் மாமனார். விறகு மட்டும் சத்தமில்லாமல் மறுபடி வந்தது.

பாலோ பக்கம் ரப்பர் தோட்ட வேலைக்குப் புறப்படுமுன் ஜட்ஜையா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, கல்யாணப் பொண்ணுக்கு இருமல் ஏதும் இல்லியே?"

"இல்லீங்க."

"உங்களுக்கு?"

"எனக்கும் இல்லீங்க."

"அப்ப சரி" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தார்.

என் மனைவியைப் பெற்றவர் அதுவரை அவளிடம் அதைக் கேட்கவில்லை. இப்போதும் வீட்டில் யாராவது இருமினால், ஜட்ஜையா பக்கத்தில் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.