அட்டை அங்கிள் வரைந்த போர்

எல்லைக் காட்டில் சண்டைக்குப் போனவர்கள் எல்லாரும் எதிரியைக் கவனித்தார்கள். அட்டை அங்கிள் மட்டும் பக்கத்தில் படுத்திருந்தவரின் குறட்டையைக் கவனித்தார். அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச எந்த நாட்டுப் படையிலும் ஆள் இருந்திருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எனக்கு எதிர்வீடு அவர். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில் மலேசிய ராணுவத்தில் கோப்ரலாக இருந்தார். காட்டில் காகிதம் கிடைக்காததால் பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, அந்த அட்டையில் பென்சிலால் வரைவாராம். வரைந்ததில் பாதி, சிப்பாய்களின் காலில் ரத்தம் குடிக்கும் அட்டைகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டோம்.

பழக்கம் இன்னும் விடவில்லை. யார் வீட்டுக்காவது புதுச் சாமான் ஏற்றிய லோரி வந்தால், முதலில் வாசலில் நிற்பவர் அவர்தான்.

"பாஸ், பெட்டி வேணாம்னா குடுங்க."

"அங்கிள், இன்னும் பிரிட்ஜையே வெளிய எடுக்கல."

"பரவால்ல லா, வெயிட் பண்றேன்."

போன வருடம் கிள்ளானில் முன்னாள் படைவீரர்கள் ஒரு நினைவுநாள் கண்காட்சி வைத்தார்கள். அவரையும் படங்களையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். செயலாளர் கம்பீரமாக மீசை வைத்தவர். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒருவர் சோற்றுக் கரண்டியால் முதுகு சொறிகிறார். நாலு பேர் ஒரே சிகரெட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அதிகாரி ஒருவர், துவைத்த கால்சட்டை காயும்வரை வாழையிலையை இடுப்பில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சண்டைப் படம் ஒண்ணுகூட இல்லையா, கோப்ரல்?"

"இல்ல சார்."

"ஏன்?"

"சண்டை நடக்கும்போது கையில துப்பாக்கி இருந்துச்சு சார். பென்சிலை எப்படிப் பிடிக்கிறது?"

"செத்தவங்க குடும்பம் எல்லாம் வராங்க. இதப் பார்த்தா மனசு கஷ்டப்படுவாங்க."

படங்கள் மண்டபத்தின் கடைசியில், கழிப்பறைக்குப் போகும் நடையில் மாட்டப்பட்டன. எனக்குக் கோபம் வந்தது. அங்கிளுக்கு வரவில்லை.

"அங்கதான் லா ஜனங்க நின்னு பார்ப்பாங்க" என்றார்.

அப்படியே நடந்தது. வரிசையில் நின்ற வயதான அம்மாள் ஒருவர், தன் முறை வந்தும் நகரவில்லை. அவர் முன்னால் இருந்த படத்தில், ஓர் இளைஞன் நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறான்.

"இது எங்க வீட்டுக்காரரு" என்றார்.

அங்கிள் வேகமாக அருகில் போனார். "கணேசன் சம்சாரமா? அக்கா, நான் அவர் கூடத்தான் இருந்தேன்."

கணேசன் காட்டிலிருந்து திரும்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஊசியே பிடிக்கத் தெரியாதுன்னாரே. வீட்ல ஒரு பட்டன் தச்சதில்ல" என்றார் அந்த அம்மாள்.

"அன்னிக்கு என் சட்டைக்கும் அவருதான் தச்சாரு, அக்கா."

"பாருங்க, என்னை ஏமாத்தியிருக்காரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்க வெகுநேரமானது. பிறகு, "எப்படிச் செத்தாருன்னு எல்லாரும் வந்து சொன்னாங்க. அங்க எப்படி இருந்தாருன்னு யாரும் சொல்லல" என்றார்.

பின்னால் வந்து நின்ற செயலாளர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அந்தப் படத்தின் எதிரில் போட்டார். அங்கிள் தரையில் உட்கார்ந்து, கணேசன் எப்படிச் சாப்பிடுவார், எதற்கெல்லாம் கோபித்துக்கொள்வார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். போகும்போது படத்தையும் கழற்றி அந்த அம்மாளின் கையில் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் அங்கிள் மிச்சப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிரிக்பீல்ட்ஸ் வந்த பிறகும், அவரை இறக்கிவிட மனமில்லாமல் இன்னொரு சுற்று ஓட்டினேன்.