பிரேக் தேயாத மாப்பிள்ளை

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க ரிமோட்டக் கொஞ்சம் குடுத்தனுப்ப முடியுங்களா?"

"டிவி ரிமோட்டுங்களா மாமா?"

"அது இல்ல தம்பி. கார் ரேஸ் ஆடுவீங்கள்ல, ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு... அந்த ரிமோட்டு. பழசா இருந்தாத் தேவல. பட்டன் தேஞ்சிருந்தா ரொம்ப நல்லது."

பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட இந்தப் பேச்சு, அமல்ராஜுக்கு இன்றைக்கும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. சம்பளம் கேட்பார்கள், சொந்த வீடா என்று கேட்பார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று பங்குச் சாமியாரிடம் விசாரிப்பார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் குளத்தூரிலிருந்து கிளம்பி வந்திருந்தான். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மைக்கேல்சாமி, மகளைக் கொடுப்பதற்கு முன்னால் வீடியோ கேம் கண்ட்ரோலரைக் கேட்பார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

பாவம், தினமும் கீரனூரில் திருச்சி பஸ் ஏறி வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவன். நாட்டு நடப்பு தெரியாது.

நாட்டு நடப்பு இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, "பட்டன்..." என்று நீங்கள் ஆரம்பித்தால் போதும். மிச்சத்தை ஆட்டோக்காரரே சொல்லிவிடுவார். "சாமி வீடுதான? ஏறுங்க. டோக்கன் முடியிறதுக்குள்ள போயிரலாம்." பச்சை பெயிண்ட் அடித்த ஒரு மண்டபம். வாசலில் செருப்பு மலை. உள்ளே பெண்ணைப் பெற்றவர்களின் வரிசை. ஒவ்வொருவர் மடியிலும் பச்சைக் குழந்தையைப் போல ஒரு மஞ்சள் துணி மூட்டை. மூட்டைக்குள்ளே வருங்கால மருமகனின் கண்ட்ரோலர்!

விரலடியார் என்பது சாமியின் ஞானப் பெயர். திருப்பதி என்பது வீட்டில் வைத்த பெயர். திருப்பதி முன்பு வீடியோ கேம் சென்டர் நடத்தினார். பையன்களெல்லாம் போனிலேயே விளையாட ஆரம்பித்ததும் கடை படுத்தது. மிஞ்சியது ஒரு சாக்கு நிறையத் தேய்ந்துபோன கண்ட்ரோலர்கள். வேறு ஆளாக இருந்தால் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டிருப்பார். திருப்பதி ஞானம் பெற்றார்.

"ஜாதகத்துல பொறந்த நேரத்த மாத்தி எழுதலாம். போட்டோவுல மூஞ்சிய மாத்தலாம். பத்து வருசமா அமுக்கி அமுக்கித் தேஞ்ச பட்டன மாத்த முடியுமா?" என்பார். கூட்டம் மெய்சிலிர்க்கும். எந்த சர்வீஸ் கடையிலும் கால் மணி நேரத்தில் பட்டனை மாற்றித் தருவார்கள் என்பதைக் கூட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை. மெய்சிலிர்க்கும்போது வாய் திறக்காது போலிருக்கிறது.

சாஸ்திரம் எளிமையானது. வலது விரலுக்கு ஆக்ஸிலேட்டர், அது சூரியன். இடது விரலுக்கு பிரேக், அது சனி. எது எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அதுவே மாப்பிள்ளையின் விதி. கிறிஸ்தவக் குடும்பம் வந்தால் சூரியனும் சனியும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டு 'வேகம்', 'நிதானம்' என்று பெயர் மாற்றிக்கொள்வார்கள். சாதி மதம் பாராத மூடநம்பிக்கை!

மைக்கேல்சாமி விழுந்தது அந்த இடத்தில்தான். பழைய கிறிஸ்தவ ஊரான ஆவூர்தான் பூர்வீகம். ஜாதகம் பார்ப்பது பாவம் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். "நான் ஜாதகம் பாக்குற ஆளு இல்ல. இது எந்திரம், விஞ்ஞானம்" என்று மனைவி அருளம்மாளிடம் அடித்துச் சொன்னார். விடைத்தாளில் வழிமுறை எழுதாத பிள்ளைகளுக்கு வாழ்நாளெல்லாம் முட்டை போட்டவர், விரலடியாரிடம் மட்டும் வழிமுறை கேட்கவில்லை.

சாமியிடம் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, மூட்டையை யாருக்கும் அவிழ்த்துக் காட்டக் கூடாது. அடுத்தவர் கண் பட்டால் பலன் கலங்கிவிடும். இரண்டு, படிவம் நிரப்ப வேண்டும். மாப்பிள்ளையின் வேலை, வருமானம், வீடு வாசல் எல்லாம் எழுதிய பிறகு கடைசியில் ஒரு கேள்வி: 'இந்த வரனைப் பற்றி உங்கள் மனதில் உள்ளது என்ன?' அதற்குத்தான் அரைப் பக்கம் இடம். படிவம் முதலில் உள்ளே போகும். பெற்றவர்கள் பின்னால் போவார்கள். வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாம வாயே தொறக்கல, மனசுல உள்ளத அப்படியே சொல்லிட்டாரு!" என்பார்கள். உண்மைதான். வாயைத் திறக்கவில்லை. பேனாவைத்தான் திறந்தார்கள்.

மைக்கேல்சாமி தன் முத்தான கையெழுத்தில் எழுதினார்: 'பையன் பைக் வாங்கப்போவதாகச் சொல்கிறான். திருச்சி ரோட்டில் வேகமாக ஓட்டுவானோ என்று பயமாக இருக்கிறது.'

விரலடியார் கண்ட்ரோலரைத் தடவினார். கண்ணை மூடினார். உடம்பை உலுக்கினார்.

"வாத்தியாரே, வேகம் தேஞ்சு வழவழன்னு கெடக்கு. நிதானம் புத்தம் புதுசா இருக்கு. பிரேக்கே புடிக்காத பய. மூணு வருசத்துல ரோட்டுல கண்டம். ஒங்க பொண்ணு வெள்ளச் சேலைல நிக்கிறது எங் கண்ணுக்குத் தெரியிது."

கண்ட்ரோலரின் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'தோஷம். டோக்கன் 41.' பரிகாரம் உண்டு: சாமி தன் கையாலேயே விற்கும் 'சாந்தி கண்ட்ரோலரை' மாப்பிள்ளை மூன்று மாதம் ஆட வேண்டும். மைக்கேல்சாமிக்கு அதிலும் தைரியம் வரவில்லை. மகள் வாழ்க்கையோடு விளையாடுவதா? வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் சரி.

"வர்ற ஞாயித்துக்கெழம குளத்தூருக்குப் போன் போட்டு, ஒத்துவராதுன்னு சொல்லிரப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தார்.

டயானா சமையலறை வாசலில் நின்று கேட்டாள். இருபத்தாறு வயது. திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு வருடமாக அவளும் அமல்ராஜும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். முதல் ஆறு மாதம் பேசவே இல்லை. பிறகு ஒரு மழை நாளில் அவன் ஜன்னலை இழுத்து மூட, அது பாதியில் மாட்டிக்கொள்ள, இருவரும் நனைந்து சிரித்ததில் ஆரம்பித்தது. அவன் தன் அத்தையைத் தூது விட்டு முறைப்படிதான் பெண் கேட்டு வந்தான். பஸ் விஷயம் வீட்டுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை அப்பாவின் எதிரில் போய் நின்றிருக்கிறாள். அவர் நிமிர்ந்து, "என்னடா பாப்பா?" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்று திரும்பிவிடுவாள். அடிக்கிற அப்பாவிடம் முரண்டு பிடிக்கலாம். பாசத்தால் நடுங்குகிற அப்பாவிடம் என்ன செய்வது?

"அம்மா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

"என்னத்தச் சொல்ல? ஒங்கப்பா கணக்கு வாத்தியாரு. தப்பாச் சொன்னாலும் தசமம் மாறாமச் சொல்லுவாரு. அவர்கிட்ட வாயக் குடுத்து நான் ஜெயிச்சிருக்கேனா?" என்றாள் அருளம்மாள்.

மறுநாள் வேலையிடத்தில் டயானாவின் முகத்தைப் பார்த்து கூட வேலை பார்க்கும் மூத்தவளான செவந்தி விசாரித்தாள். கதை முழுவதையும் கேட்டு, சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் விழித்தாள்.

"ஏன்டி, நம்ம மெஷின் மேல சந்தேகம் வந்தா என்ன செய்வோம்?"

"ஒரே ரத்தத்த ரெண்டு நம்பர் போட்டு வைப்போம்."

"ரெண்டு மாதிரி ரிசல்ட் வந்தா?"

"கோளாறு ரத்தத்துல இல்ல, மெஷின்லன்னு அர்த்தம்."

சொல்லி முடித்ததும் டயானா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மாலையே கண்ட்ரோலருக்குப் போடும் நீல நிற ரப்பர் உறை ஒன்றை வாங்கினாள். இரவில் அப்பாவிடம் சொன்னாள்: "அப்பா, வேணாம்னு போன் போடுறதுக்கு முன்னாடி, ஒரு தடவ நானும் அங்கிட்டு வாரேன்ப்பா." மகளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று அவர் பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிரம்பி வழிந்தது. புதுக் கூட்டத்துக்கு அருமை தெரியட்டும் என்று விரலடியார் அன்றைக்கு முதல் சில பலன்களை மேடையில் வைத்தே சொன்னார். முதல் வரிசையில் மைக்கேல்சாமியும் டயானாவும். மேடைக்கு ஏறியவள் செவந்தி. தங்கைக்கு வரன் பார்ப்பதாகப் படிவத்தில் எழுதியிருந்தாள். மாப்பிள்ளை பெயர் செம்மல். துபாயில் வேலை, ஒரே பிள்ளை, மூன்று மாடி வீடு. கடைசிக் கேள்விக்குப் பதில்: 'இவ்வளவு நல்ல வரன் கைநழுவிப் போய்விடுமோ என்று பயம்.'

சாமி மூட்டையை அவிழ்த்தார். நீல உறை போட்ட கண்ட்ரோலர். தடவினார். முகம் மலர்ந்தது.

"அடடா! ஆக்ஸிலேட்டர் என்னமா தேஞ்சிருக்கு! முன்னேற்றம்மா, முன்னேற்றம்! பிரேக்கு பாருங்க, புத்தம் புதுசு. வாழ்க்கையில தடங்கலே கெடையாது. கடல் தாண்டிப் பொழப்பு. மூணு மாடி தெரியிது. கைவிட்டுறாதீங்க. மூணு வருசத்துல ரெட்டப் புள்ள!"

கூட்டம் கை தட்டியது. மைக்கேல்சாமியும் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது தட்டு பாதியில் நின்றது. போன வாரம் பிரேக் தேயாவிட்டால் சாவு. இந்த வாரம் பிரேக் தேயாவிட்டால் இரட்டைப் பிள்ளையா? பல வருடம் கழித்து அவருக்குள்ளே இருந்த கணக்கு வாத்தியார் கண் விழித்துச் சோம்பல் முறித்தார்.

டயானா எழுந்து மேடைக்குப் போனாள். கண்ட்ரோலரை எடுத்து நீல உறையை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தாள். முதுகுப் பக்கத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

"வாசிங்கப்பா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். வகுப்பறைக் குரல் தானாக வந்தது. "தோஷம். டோக்கன் நாப்பத்தொண்ணு."

"போன வாரம் இதே ரிமோட்டுக்குத்தான் சாமி ரோட்டுல கண்டம்னு சொன்னாரு" என்றாள் டயானா.

"அது... ஒற போட்டதால பலன் மறைஞ்சு போச்சு" என்றார் விரலடியார்.

"ரப்பர் ஒற போட்டாச் சாவு மறைஞ்சு ரெட்டப் புள்ள பொறக்கும்னா, ஊர்ல எல்லா மாப்பிள்ளைக்கும் ஒண்ணு வாங்கி மாட்டிறலாமே சாமி! நீங்க எதுக்கு?" என்றாள் செவந்தி.

டயானா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அண்ணே, எல்லாரும் மூட்டைய அவுத்துப் பக்கத்துல உள்ளவங்களோடதோட ஒப்பிட்டுப் பாருங்க."

"அவுக்காதீங்க! கண்ணு பட்டுரும்!" என்று சாமி அலறினார்.

முதலில் அவிழ்த்தவள் சொர்ணவல்லி என்ற அம்மாள். இந்த மண்டபத்தின் பேச்சைக் கேட்டு இரண்டு வரனைத் தட்டிக் கழித்தவள். "என் மக வீட்டுல அழுதுக்கிட்டுக் கெடக்கா. இனிமே கண்ணு பட்டா என்ன, படாட்டி என்ன?" என்று முடிச்சை இழுத்தாள். பக்கத்து ஆள் அவிழ்த்தார். பின் வரிசை அவிழ்த்தது. பெஞ்சில் வரிசையாக அடுக்கினார்கள். எல்லாவற்றிலும் ஆக்ஸிலேட்டர் தேய்ந்திருந்தது. எல்லாவற்றிலும் பிரேக் புதுசாக இருந்தது.

தங்கைக்காக வந்திருந்த ஓர் இளைஞன் தலையைச் சொறிந்தான். "ரேஸ்ல எவன்ங்க பிரேக்கு புடிக்கிறான்? செவுத்துல இடிச்சுத்தான் வளைவுல திரும்புவோம். ஊரு பூரா அப்படித்தான் ஆடுவாய்ங்க."

"இத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானடா?" என்றாள் அவன் தாய்.

"நீ எங்க என்னய அவுக்க விட்ட?"

ஒன்றில் மட்டும் பிரேக் நன்றாகத் தேய்ந்திருந்தது. அதை வைத்திருந்தவர் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். அது சாமியிடமே வாங்கிய சாந்தி கண்ட்ரோலர். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பட்டன் முழுக்க உப்புத்தாள் கீறல். விரல் தேய்த்தால் வழவழப்பாகும். உப்புத்தாள் தேய்த்தால் சொரசொரக்கும். இதற்கு ஞானக்கண் வேண்டாம், வெறுங்கண் போதும்.

விரலடியார் தியான நேரம் என்று சொல்லி உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அன்றைக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் கதவுக்கு வெளியேதான் வரிசை நின்றது, கொடுத்த காணிக்கையைத் திருப்பி வாங்க. உள்ளிருந்து, 'நான் வெறும் திருப்பதிதாங்க' என்று சாமியே வீட்டுப் பெயரைச் சொல்லிக் கெஞ்சும் குரல் கேட்டது.

எல்லாம் முடிவதற்கு அரை மணி நேரம் ஆனது. தேவைப்பட்டது ஒரு ரப்பர் உறையும், முடிச்சவிழ்க்கப் பத்து விரலும். பக்கத்து மூட்டையைப் பார்க்காதே என்று ஒருவன் சொன்னால், அன்றைக்கே பக்கத்து மூட்டையைப் பார்த்துவிடுங்கள் ஐயா! தலை இருப்பது மூட்டை சுமக்க மட்டுமல்ல.

பஸ் நிறுத்தத்தில் மைக்கேல்சாமி கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"முட்டாத்தனம் பண்ணிட்டேன்டா பாப்பா. பயந்துட்டேன். ஒன்னய வெள்ளச் சேலைலன்னு சொன்னதும் புத்தியே வேல செய்யல." கண்ட்ரோலரைப் பைக்குள் வைத்தார். "இப்ப யாரக் கேட்டு முடிவு பண்றதுன்னும் தெரியல. ஆவூர்ல பெரியப்பாவக் கேக்கட்டா? இல்ல, பங்குச் சாமியார ஒரு வார்த்த கேக்கட்டா?"

வழக்கமாக இந்த இடத்தில் டயானா 'ஒண்ணுமில்லப்பா' என்று திரும்பிவிடுவாள். இன்றைக்குத் திரும்பவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் கேட்டீங்க. பிளாஸ்டிக்கு பட்டனக்கூடக் கேட்டீங்க. கட்டிக்கப் போறவ நான், எங்கிட்ட மட்டும் இதுவரைக்கும் கேக்கலப்பா. நீங்க கேக்காட்டியும் நானே சொல்றேன். ரெண்டு வருசமா ஒரே பஸ்ஸுல போறோம். எனக்கு அமல்ராஜ ரொம்பப் புடிச்சிருக்கு. அவரையே எனக்குக் கட்டி வைங்கப்பா."