டைரக்டர் சாருக்கு ஒரு வேலை

பல் டாக்டர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நோயாளியின் வாய்க்குள் இரண்டு கைகள், ஒரு கண்ணாடி, ஒரு குழாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "அப்புறம், வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்போம். அவர் "ஆங்... ஊங்..." என்பார். புரிந்த மாதிரி தலையாட்டுவோம். இந்தப் பழக்கத்தால் பெரிதாக யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவை செய்தவள் நான்.

ஆறு வருடம் இருக்கும். ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்பதால் மறுபடி கல்லூரிக்குப் போய், என்னைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதி, டெக்சஸில் இர்விங்கில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சேர்ந்து நான்கு மாதம். அந்தச் சனிக்கிழமை பெரிய டாக்டர் ஊரில் இல்லை. கிளினிக் முழுக்க என் ராஜ்ஜியம். (ராணிக்கு உள்ளுக்குள் உதறல்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.)

பகல் பன்னிரண்டு மணிக்கு அவசரம் என்று ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். நரைத்த தலை, மழித்த முகம், தொப்பி, மூக்குக் கண்ணாடி, கன்னத்தில் கை. கூட வந்த பெண்மணி வந்ததிலிருந்து போனில் யாரிடமோ இந்தியில் சண்டை போட்டுக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார். படிவத்தில், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி, நீளமாக ஒரு பெயர். வேலை என்ற இடத்தில் 'டைரக்டர்' என்று இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கிளினிக்கைச் சுற்றிலும் லாஸ் கொலினாஸ் என்கிற பகுதியின் கம்ப்யூட்டர் கம்பெனி ஆபீஸ்கள். வருகிற மூன்று பேரில் ஒருவர் டைரக்டர். டெலிவரி டைரக்டர், டேட்டா டைரக்டர், என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியாத சீனியர் டைரக்டர். அதனால் நான் இன்னொரு டைரக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்ததில் தப்பில்லை. இதை இன்றுவரை என் வீட்டில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பல்லின் வேர்வரை சீழ் பிடித்திருந்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. சாதாரண மரப்பு ஊசி மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். பாவம், பெரியவர், இன்று ராத்திரியாவது தூங்கட்டும் என்று எட்டு மணி நேரம் தாங்குகிற ஊசியை எடுத்துப் போட்டேன். மரத்துப் போகும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று பேச்சுக் கொடுத்தேன். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் என் ஞாபகத்தில் அது தமிழாகத்தான் இருக்கிறது.

"எந்தக் கம்பெனில சார் டைரக்டர்?"

"பெரும்பாலும் என் சொந்தக் கம்பெனிதான்."

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

"நல்ல நாள்னா இருநூறு பேர். சாப்பாட்டு நேரத்துல முந்நூறு ஆயிடும்."

"எடுத்ததும் டைரக்டரா?"

"ஐயோ, இல்லை. முதல் மூணு வருஷம் என்னை வாயே திறக்க விடலை. பின்னாடி சும்மா நிக்கணும், அவ்வளவுதான்."

"ஜூனியர்னா எல்லா இடத்துலயும் அப்படித்தான் சார்" என்றேன். நான்கு மாத அனுபவம் பேசியது.

"அப்புறம் பேச விட்டாங்க. கொஞ்ச வருஷத்துல, எல்லாரையும் நிக்க வைக்கிற வேலையை நானே எடுத்துக்கிட்டேன். மொத்தம் பதினொண்ணு பண்ணினேன். நாலு நல்லா ஓடுச்சு. ஏழு, முதல் வெள்ளிக்கிழமையே படுத்துடுச்சு."

பதினோரு ஸ்டார்ட்அப்! இந்த ஊரில் ஆட்குறைப்பு செய்வதும் வெள்ளிக்கிழமைதான். எனக்கு எல்லாம் அப்படியே பொருந்தியது.

"ஒண்ணுக்கு வீட்டையே வித்தேன்" என்றார், கூரையைப் பார்த்தபடி. "அதுவும் வெள்ளிக்கிழமை."

"விடுங்க சார். உங்க தப்பு இல்லை. மார்க்கெட் அப்படி."

அவர் தலையைத் திருப்பி என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "அப்படி யாரும் எங்கிட்ட சொன்னதில்லை" என்றார்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"இப்பல்லாம் யாரும் அதிகமாக் கூப்பிடறதில்லை. ஊர் ஊராப் போய், இதுவரைக்கும் என்னென்ன செஞ்சேன்னு உக்காந்து சொல்லிட்டிருக்கேன்."

இந்த வயதில் இன்டர்வியூவுக்கு ஊர் ஊராக அலைகிறார்! என் மனது உருகிவிட்டது. கையுறையைக் கழற்றி, ஒரு சீட்டில் என் கணவரின் ஈமெயில் முகவரியை எழுதிக் கொடுத்தேன். "உங்க ரெஸ்யூமை இதுக்கு அனுப்புங்க சார். என் ஹஸ்பண்ட் கம்பெனில ஆள் எடுக்கறாங்க. வயசெல்லாம் பார்க்க மாட்டாங்க."

அவர் அந்தச் சீட்டை வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். வாய் ஒரு பக்கம் சிரித்தது. மறுபக்கம் அதற்குள் மரத்துவிட்டது.

"இன்னிக்குக்கூட ஒண்ணு இருக்கு" என்றார். சொற்கள் குழற ஆரம்பித்திருந்தன. "ஆறு மணிக்கு."

"ரொம்பப் பேசணுமா சார்?"

"ரெண்டு மணி நேரம். நான் மட்டும்தான் பேசணும்."

ஊசி போடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. போட்டதைத் திரும்ப உறிஞ்சி எடுக்க வழியில்லை. ராத்திரி எட்டரை வரை பாதி உதடும் பாதி நாக்கும் அவருடையவை அல்ல என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, உதட்டை விரலால் தூக்கி விட்டுப் பார்த்தார். அது திரும்ப விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினார். மறுபடி விழுந்தது. பிறகு, வந்த வேலையை முடியுங்கள் என்று வாயைத் திறந்தார். வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அந்த ஒரு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

அவர் போனதும் கணவர் செந்திலுக்கு மெசேஜ் அனுப்பினேன். "பாவம், ஒரு வயசான டைரக்டர் ரெஸ்யூம் அனுப்புவார். கண்டிப்பா ரெஃபர் பண்ணுங்க. என்னால அவர் இன்டர்வியூ வேற கெட்டுப்போச்சு."

அன்று சாயங்காலம் நாங்கள் ஒரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தது. என் மாமியார் முப்பது வருடம் பம்பாயில் இருந்தவர். ஓர் இந்தி நடிகர் என்றால் உயிர். நடித்து, பிறகு டைரக்‌ஷனும் செய்தவர். அவர் பக்கத்தில் இருக்கும் டல்லாஸுக்கு வருகிறார், தன் வாழ்க்கையைத் தானே மேடையில் சொல்லப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. கறுப்பு முடியும் மீசையுமாக அவர் படம் போட்ட நோட்டீஸ் ஒரு மாதமாக எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. நான் அதைத் திறந்து தினமும் பால் எடுத்தேன். எனக்கு இந்தியும் தெரியாது, இந்திப் படமும் தெரியாது.

விளக்கு அணைந்து, மேடையில் ஒற்றை நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நோட்டீஸில் இருந்த அதே கறுப்பு முடி, மீசை. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேடையில் இருந்தவர் தண்ணீர் குடித்தார். ஓர் ஓரமாக ஒழுகியது. நான் அந்த முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கவில்லை; என் ஊசியைக் கண்டுபிடித்தேன்.

குழறலாக அவர் ஏதோ சொல்ல, அரங்கம் சிரித்தது. இந்தி தெரியாத மருமகள் எதையும் தவறவிடக் கூடாதே என்று அத்தை என் காதில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார்.

"என் மூஞ்சில எந்த உணர்ச்சியும் இல்லைன்னு நாப்பது வருஷமா எழுதினாங்களே, இன்னிக்கு மட்டும் அதை ஒத்துக்கறேங்கறார்."

மறுபடி சிரிப்பு.

"இன்னிக்கு மத்தியானம் பல் டாக்டர்ட்ட போனாராம். அது யாரோ ஒரு பொண்ணு, இவர் யாருன்னே தெரியலையாம்! அரே, இவரைத் தெரியாம ஒரு ஜன்மம்!"

நான் இருக்கையில் வழுக்கிக் கீழே இறங்கினேன்.

"ஐயையோ நித்யா, கேட்டியா? அவருக்கே வேலை வாங்கித் தரேன்னாளாம்! ரெஸ்யூம் அனுப்பச் சொன்னாளாம்! எந்தக் காட்டுல இருந்து வந்தாளோ!"

அத்தைக்கு அந்தப் பக்கம் செந்தில் மெதுவாகக் குனிந்து என்னைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்தேன். மேடையில் அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து ஆட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். நல்லவேளை, படிக்கவில்லை.

இரண்டு மணி நேரமும் அவர் பேசினார். குழறும்போதெல்லாம் உதட்டை விரலால் தூக்கி நிறுத்தினார். கூட்டம் ஒவ்வொரு தடவையும் கைதட்டியது. வீட்டை விற்ற வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் உதட்டைத் தொடவில்லை, கூட்டமும் சிரிக்கவில்லை. அத்தை மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அந்த ஓர் இடம் மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முடிந்ததும் ஓடிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அத்தை அவரோடு போட்டோ எடுத்துக்கொள்ளத் தனி டிக்கெட் வாங்கியிருந்தார். "போட்டோவை நீதான் எடுக்கணும். செந்தில் எடுத்தா தலை வராது" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். போனை முகத்துக்கு நேராகப் பிடித்து மறைந்துகொண்டேன். அவர் கையை நீட்டி, போனை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"டாக்டர்!" என்றார். இப்போது உதடு இரண்டு பக்கமும் சிரித்தது. எட்டரை தாண்டியிருந்தது.

பிறகு அத்தையிடம் இந்தியில் நீளமாக ஏதோ சொன்னார். அத்தை மொழிபெயர்க்கவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறார். நடிகர் சொன்னதைச் செந்தில்தான் பின்னால் சொன்னார். "என் ஓடாத படங்களுக்காக எல்லாரும் என்னைத் திட்டியிருக்காங்க. உங்க தப்பு இல்லைன்னு சொன்னது இந்த டாக்டர் மட்டும்தான்."

வீடு திரும்பும்போது ஃப்ரீவேயில் இருபது நிமிடம் அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். காட்டிலிருந்து வந்தவள் என்று சொன்னதற்கு வருத்தப்படுகிறாரா, என்னை ஊருக்கு அனுப்ப யோசிக்கிறாரா, தெரியவில்லை. கடைசியில் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"எந்தப் பல்லு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது அத்தை. இங்க சட்டம் இருக்கு."

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா, அதையாவது சொல்லேன்."

சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அதனால் அத்தையே கண்டுபிடித்துக்கொண்டார். டிவியில் அந்த நடிகர் சிரித்தால் போதும், படத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் விரலை வைப்பார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பல். போன வாரம் பழைய படம் ஒன்றில் அவர் கரும்பு கடித்தார். வந்திருந்த விருந்தாளிகளைப் பார்த்து அத்தை பெருமையாகச் சொன்னார்:

"பாத்தீங்களா, எவ்வளவு ஸ்ட்ராங்கு! நம்ம வீட்டுப் பல்லு."

அந்தப் படம் எடுத்தபோது நான் பிறந்திருக்கவே இல்லை.