மாப்பிள்ளைக் குதிரைக்கு அழுத்தம்

ஜெயபுரம்.

கனடாவில் இருக்கும் அன்பு மருமகன் மதுசனுக்கு,

நானும் உன் அருந்ததி மாமியும் ஆடுகளும் இங்கே சுகம். நீயும் அந்தக் குளிரோடு சுகமாய் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுகிறாய் என்று மாமி சொன்னதால்தான் பேனை பிடித்தேன்.

உன் நிச்சயதார்த்தத்தில் பொம்பிளையின் தகப்பன் யோகநாதன், "மாப்பிள்ளை காரில வந்தாலும் எங்களுக்குச் சந்தோசந்தான்" என்று சொன்னதும், நான் சபை நடுவில் எழும்பி, "எங்கட பெடியன் குதிரையிலதான் வருவான்" என்று வாக்குக் கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாக்கு இப்போது நம் மாமரத்தடியில் நிற்கிறது. பெயர் ராசா. புளியங்குளத்தில் கலியாணங்களுக்குக் குதிரை விடுகிற கச்சு முகம்மது நானாவிடம் வாங்கினேன். வயது எட்டு மாதம், பார்வைக்கு எட்டு வயது. ஆவணிக்குள் வளர்த்து எடுத்துவிடுவேன்.

"தாயை விட்டு இப்பதான் பிரிச்ச குட்டி. புல்லுத்தான் சாப்பாடு. தீனை ஒரேயடியா மாத்திப் போடாதீங்கோ அண்ணன்" என்று நானா சொன்னார்தான். ஆனால் உன்னைச் சுமக்கப் போகிற குதிரைக்குப் புல் போதுமா? ஊறப்போட்ட கடலை ஒரு வாளி, சிவப்பரிசிக் கஞ்சி ஒரு வாளி, நாட்டுக்கோழி முட்டை ஆறு. மூன்றாம் நாள் ராசாவின் வயிறு தவில் மாதிரி. தன் வயிற்றைத் தானே காலால் உதைக்கிறது, படுக்கிறது, உருளுகிறது, எழும்புகிறது, பின்பக்கத்தால் போனதை நான் எழுதமாட்டேன், நீ சாப்பிட்டுக்கொண்டு வாசிப்பாய்.

மிருக வைத்தியர் சிவரூபி உடனே வந்தா. கெட்டிக்காரி, என்னிடமே இரண்டு விசயம் கேட்டுத் தெரிந்துகொண்டா. ஊசி போட்டுவிட்டு, "கடலையும் கஞ்சியும் இனிக் குடுக்கக் கூடாது ஐயா. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்கப் போடுங்கோ. குட்டிக்கு மன அழுத்தம். தனிய விடாதேங்கோ" என்றா.

அழுத்தம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. மாமி இரத்த அழுத்தத்துக்குப் பதினொரு வருசமாய்க் கிளினிக்குக்குப் போகிறா, எனக்குத் தெரியாத பிறசரா? முதல் வேலையாய் ராசா நக்குகிற உப்புக்கட்டியை எடுத்து ஒளித்தேன். பிறகு மாமியின் பிறசர் மெசினைக் கொண்டுவந்து முன்னங்காலில் சுற்றிக் காற்றடித்தேன். அது இறுகியதும் ராசா பாய்ந்த பாய்ச்சலில் மெசின் கிணற்றுக்குள்.

"என்ர மெசினைக் குதிரைக்குக் கட்டினதுக்கு உங்களையெல்லோ கிணத்துக்க போட்டிருக்க வேணும்" என்றா மாமி. அன்பான வார்த்தைதான். அந்தக் கலவரத்தில் மாமியின் கறுப்பாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, மிச்சக் கடலையை வாளியோடு முடித்துவிட்டு ராசாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. நான் துரத்தவில்லை, ஒரு யோசனையோடுதான் விட்டேன். அன்றிலிருந்து இரண்டும் ஒன்றாய்ப் புல் மேய்ந்தன. நாலாம் நாள் வயிறு வற்றி, லத்தி உருண்டை உருண்டையாய் விழுந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் யோகநாதனுக்கும் அனுப்பலாம்.

மறுபடி வந்த சிவரூபி, "உப்பை ஏன் எடுத்தனீங்கள்? நான் சொன்னது பிறசர் இல்லை ஐயா. தாயைப் பிரிஞ்ச கவலை. ஆடு துணைக்கு வந்ததாலதான் தேறியிருக்கு" என்றா.

"அதைத்தான் பிள்ளை நானும் செய்தனான்" என்றேன். உப்புக்கட்டி பழைய இடத்துக்குப் போய்விட்டது.

ஆகவே ஒன்றுக்கும் யோசியாதே. தலைப்பாகையைத் தை. ஆவணியில் ராசா மேல் நீ வரும்போது முழு வவுனியாவும் வாசலுக்கு வரும். எங்கள் வைரவர் உன்னையும் உன் வயிற்றையும் காப்பாராக.

உன் மாமா,
இளையதம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது சிவரூபி வந்தா. மூன்று வயது முடியும்வரை ராசாவின் முதுகில் ஆளை ஏற்றவே கூடாதாம். உன் படத்தைக் காட்டினேன். "இவரை ஏத்திறதெண்டா குட்டிக்கு நாலு வயசு முடியட்டும்" என்றா. யோகநாதன் நல்ல மனுசன். கலியாணத்தை ஒரு மூன்று வருசம் தள்ளிவைக்கும்படி நாளைக்கே போய்க் கதைக்கிறேன். பொம்பிளை தாட்சாயினிக்கு நீயே பக்குவமாய்ச் சொல்லு. அந்தப் பிள்ளைக்கு அழுத்தம் ஏறினால் உப்பைக் குறைக்கச் சொல்லு.